பிரேக் ஏன் பிடிக்கல? பெர்த்தா பென்ஸ்ல இருந்து பாடி வரைக்கும்

இன்னைக்கு எபிசோட் முழுக்க பிரேக் பத்தினது. கார் பத்திப் பேசற யாரா இருந்தாலும் இன்ஜின்லதான் ஆரம்பிப்பாங்க. எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை செகண்ட். நூறுல போற வண்டி நிக்க எத்தனை மீட்டர் ஆகும்னு ஷோரூம்ல ஒருத்தர் கேட்டு நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

முதல்ல 1888, ஆகஸ்ட் மாசம், ஜெர்மனி. கார்ல் பென்ஸ் கண்டுபிடிச்ச மூணு சக்கர மோட்டார் வண்டியை அவரோட மனைவி பெர்த்தா பென்ஸ் அவர்கிட்ட சொல்லாமலே எடுத்துக்கிட்டு, ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு, மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்ல இருக்கற அம்மா வீட்டுக்குக் கிளம்பினாங்க. நூறு கிலோமீட்டர் கிட்ட. உலகத்தோட முதல் நெடுந்தூர கார் பயணம்னு இதைச் சொல்வாங்க. வழியில பெட்ரோலுக்குப் பதிலா மருந்துக்கடையில கறை எடுக்கற திரவம் வாங்கி ஊத்தினது, அடைச்சுக்கிட்ட குழாயைத் தொப்பி ஊசியால குத்தி எடுத்ததுன்னு நிறைய கதை இருக்கு. எனக்குப் பிடிச்சது வேற. இறக்கத்துல மரக்கட்டை பிரேக் தேய்ஞ்சு பிடிமானம் குறைஞ்சுக்கிட்டே வந்ததும், வழியில ஒரு செருப்புத் தைக்கறவரைப் பிடிச்சு அந்தக் கட்டைமேல தோல் வச்சு ஆணி அடிக்கச் சொன்னாங்க. இன்னைக்கு நாம 'பிரேக் லைனிங்'னு சொல்றமே, அதோட தொடக்கம் அங்கதான்.

இதுல கவனிக்க வேண்டியது தோல் இல்ல. பிரேக் பிடிக்கலைன்னா லிவரைக் குறை சொல்லலாம், இன்னும் பலமா இழுக்கலாம். அவங்க அப்படிப் பண்ணல. பிரச்சினை லிவர்ல இல்ல, சக்கரத்தை உரசற இடத்துலன்னு கண்டுபிடிச்சாங்க. என் கணக்குல உலகத்தோட முதல் பிரேக் டயக்னாசிஸ் அதுதான். இதை நினைவுல வச்சுக்கோங்க. பின்னாடி ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஷெட்டுக்குள்ள போகும்போது தேவைப்படும்.

அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் கழிச்சு, 1897-ல, இங்கிலாந்துல டெர்பிஷையர்ல ஹெர்பர்ட் ஃப்ரூட்னு ஒருத்தர். மலைப்பாதையில குதிரை வண்டிக்காரங்க பிரேக் கட்டையில பழைய பூட்ஸை மாட்டி ஓட்டறதைப் பார்க்கறார். வெறும் கட்டையைவிட அது நல்லா பிடிக்குது. அதுல இருந்து சோதனை பண்ணி, பருத்தித் துணியில பிசின் ஏத்தி, அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்து அவர் ஆரம்பிச்ச கம்பெனிதான் ஃபெரோடோ. ஃப்ரூட்ங்கற பேரோட எழுத்துக்களைக் கலைச்சுப் போட்டு, மனைவி எலிசபெத்தோட முதல் எழுத்தைச் சேர்த்தா ஃபெரோடோ. ஸ்டார்ட்அப்புக்குப் பேர் கிடைக்காம தவிக்கற மக்கள் குறிச்சு வச்சுக்கலாம்.

ஆக உரசற பொருளுக்கு வழி கிடைச்சாச்சு. அடுத்த கேள்வி, கால் அழுத்தற அழுத்தம் எப்படி சக்கரத்துக்குப் போகும்? முதல்ல கம்பி, ராடு, நெம்புகோல். நாலு சக்கரத்துக்கும் கம்பி இழுத்தா நாலும் ஒரே மாதிரி இழுக்காது. ஒரு கம்பி கொஞ்சம் தொங்கினா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதைத் தீர்த்தவர் மால்கம் லாக்ஹீட்னு ஒரு அமெரிக்கர். விமானம் செய்யற லாக்ஹீட் பிரதர்ஸ் இருக்காங்கள்ல, அதே குடும்பம். கம்பிக்குப் பதிலா குழாய்ல திரவம். திரவத்தை அழுத்தினா எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம், பள்ளிக்கூடத்துல படிச்ச பாஸ்கல் விதி. 1917-ல காப்புரிமை வாங்கினார், 1920-கள்ல டியூசன்பர்க்லயும் கிரைஸ்லர்லயும் அது வந்துச்சு.

அந்தக் குழாய்க்குள்ள என்ன திரவம் ஊத்தினாங்க தெரியுமா? விளக்கெண்ணெய். ஆல்கஹால் கலந்த விளக்கெண்ணெய். நம்ம பாட்டிங்க வயித்துக்கும் தலைக்கும் கொடுத்த அதே ஆமணக்கு எண்ணெய். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. சிலிண்டருக்குள்ள திரவம் கசியாம இருக்க ரப்பர் வேணும். அந்தக் காலத்துல இயற்கை ரப்பர்தான். பெட்ரோலியத்துல இருந்து எடுக்கற எண்ணெய், அதாவது கிரீஸ், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் மாதிரி எதுவானாலும், இயற்கை ரப்பர் மேல பட்டா ரப்பர் ஊதிப் பெருத்து, கொழகொழன்னு ஆயிடும். விளக்கெண்ணெய்ல அந்தப் பிரச்சினை இல்ல. அப்புறம் கிளைகால் அடிப்படையிலான திரவங்கள் வந்து விளக்கெண்ணெய் போயிடுச்சு. ஆனா விதி மாறல. பிரேக்ல பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டுகூட சேரக்கூடாது. நாம அதை 'பிரேக் ஆயில்'னு கூப்பிடறோம். அது ஆயிலே கிடையாது. இந்தப் பேர் எத்தனை வண்டியைக் கெடுத்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, பந்தயத்துக்கு வருவோம். இது கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்களுக்கான பகுதி.

டிரம் பிரேக் என்ன பண்ணுதுன்னா, சுத்தற ஒரு இரும்புக் குடத்துக்குள்ள ரெண்டு ஷூ விரிஞ்சு உட்சுவரை அழுத்தும். இதுல ஒரு தந்திரம் இருக்கு. டிரம் சுத்தற திசையில இருக்கற ஷூவை டிரம்மே இழுத்து இன்னும் இறுக்கிக்கும். கால் கொஞ்சம் அழுத்தினா பிரேக் நிறைய பிடிக்கும். கேக்க நல்லா இருக்கு. ஆனா உரசல் குறையும்போதும் அதே பெருக்கம் தலைகீழா வேலை செய்யும். லைனிங் சூடாகி உரசல் கொஞ்சம் குறைஞ்சா பிரேக் நிறையவே குறையும். இன்னொண்ணு, சூட்டுல டிரம் விரியும். விரிஞ்சா ஷூவை விட்டு விலகும். அப்ப பெடல் இன்னும் கீழ போகும். டிஸ்க்ல கதை வேற. சூடான தட்டு தடிக்கும், அதாவது பேடை நோக்கி வரும். காத்தும் நேரா படும்.

டிஸ்க் ஐடியா புதுசு இல்ல. ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லயே காப்புரிமை வாங்கியாச்சு. புழுதி ரோட்டுல அது சீக்கிரம் தேய்ஞ்சது, கீச்சுன்னு கத்தினது, ஓரங்கட்டிட்டாங்க. விமானங்களுக்கு டிஸ்க் செஞ்சுக்கிட்டிருந்த டன்லப் கம்பெனிதான் ஜாகுவாரோட சேர்ந்து அதைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. 1952-ல பிரான்ஸ்ல ரெய்ம்ஸ் பந்தயத்துல ஸ்டெர்லிங் மோஸ் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப்ல ஜெயிச்சார். அடுத்த வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். அங்க முல்சான்னு ஒரு நேர்ப்பாதை, கிட்டத்தட்ட 6 கி.மீ. அதோட முடிவுல கூர்மையான திருப்பம். மத்தவங்க சீக்கிரமே பிரேக்கைத் தொட வேண்டியிருந்துச்சு, ஜாகுவார்காரங்க தாமதமாத் தொட்டாங்க, அதுவும் மணிக்கணக்கா ஒரே மாதிரி. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஜெயிச்சாங்க. 1955-ல மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் டிரம்மை விடல. அதுக்கு ஈடுகட்ட முதுகுல விமானச் சிறகு மாதிரி ஒரு பலகை வச்சாங்க, டிரைவர் நெம்புகோலை இழுத்தா அது எழும்பி காத்தைத் தடுக்கும். பிரேக்குக்கு பேட்ச் போடறதுன்னா இதுதான். அந்த வருஷப் பந்தயத்துலதான் ஒரு மெர்சிடிஸ் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சு 80 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்குப் பல காரணங்கள் இருக்கு, பிரேக் மட்டும் இல்ல, அது தனி எபிசோட்.

1956-ல டிரையம்ஃப் டிஆர்3 முன் சக்கரத்துல டிஸ்க் பிரேக்கோட வந்துச்சு. அந்த பிரேக்கைச் செஞ்சது கெர்லிங். இந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டு சென்னைக்கு வாங்க.

விடுதலைக்கு அப்புறம் இங்க ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கார் பாகங்களை இறக்குமதி பண்ணி மாட்டி வித்துக்கிட்டிருந்தாங்க. 1953-ல டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்துச்சு. இங்கயே பாகங்களைச் செய்யத் திட்டம் இல்லாதவங்களுக்கு இடமில்லைன்னு அரசு முடிவெடுத்துச்சு. அந்த ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. இருந்தவங்கள்ல ஒருத்தர் மெட்ராஸ்ல 1948-ல ஆரம்பிச்ச ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இந்தக் கொள்கையை லைசென்ஸ் ராஜ்னு திட்டறது நம்ம தலைமுறைக்கு ஈஸி. காருக்குப் பல வருஷம் காத்திருந்த தாத்தாக்கள் திட்டினா நியாயம். ஆனா பிரேக் பக்கத்துல இருந்து பார்த்தா எனக்கு வேற படம் தெரியுது. கார் இங்க செய்யணும்னா டைனமோ இங்க செய்யணும், சக்கரம் இங்க செய்யணும், பிரேக் இங்க செய்யணும். மதுரையில 1911-ல டி.வி.சுந்தரம் ஐயங்கார் ஆரம்பிச்ச டிவிஎஸ் குடும்பம் இதைப் பிடிச்சுக்கிச்சு. பாடியில வரிசையா கம்பெனிகள் முளைச்சுது. 1961-ல லூகாஸ் டிவிஎஸ். 1962-ல பிரேக்ஸ் இந்தியா, கெர்லிங்கோட தொழில்நுட்பத்துல. அதே 1962-ல சுந்தரம் கிளேட்டன், லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக். அப்புறம் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். பாடி மேம்பாலம்னா நமக்குச் சரவணா ஸ்டோர்ஸும் டிராஃபிக்கும்தான் ஞாபகம் வரும். அந்த டிராஃபிக்ல நீங்க மிதிக்கற பிரேக் அந்த மேம்பாலத்துக்குப் பக்கத்துலயே பிறந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961-ல இங்க கொண்டு வந்த கார் ஹெரால்ட். பிரிட்டன்ல 1959-ல டிரையம்ஃப் ஹெரால்ட்னு வந்தது. வடிவமைச்சவர் இத்தாலியர் ஜோவானி மிக்கெலோட்டி. ரெண்டு கதவு, பின்னாடி சின்ன வால் மாதிரி செதில், முன்பக்கம் முழுசா முன்னாடி சாய்ஞ்சு திறக்கற பானட். இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் அப்படியே கண் முன்னாடி இருக்கும், மெக்கானிக்குக்கு அதைவிட சந்தோஷம் இல்ல. இந்த ஹெரால்டோட சேசிஸைக் குட்டையாக்கி, மிக்கெலோட்டியே மேல ஒரு திறந்த உடல் வரைஞ்சு கொடுத்ததுதான் 1962-ல வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இன்னைக்கும் உலகம் முழுக்க கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் ஆளுங்க கொண்டாடற வண்டி. ஸ்பிட்ஃபயருக்கு முன்னாடி டிஸ்க் கிடைச்சுது. மெட்ராஸ்ல வந்த ஹெரால்டுக்கு நாலும் டிரம்.

அந்த டிரம்மோட இதுங்க சோழவரத்துலயும் ஓடுச்சு. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க பந்தயம் நடத்துச்சு. ஓடுதளம்னா என்ன, நேரா போய்க்கிட்டே இருக்கும், முடிவுல சட்டுன்னு திரும்பணும். பிரேக்குக்கு இதைவிடக் கொடுமையான வடிவம் கிடையாது. ஃபியட், அம்பாசடர், ஹெரால்டுன்னு வீட்டு வண்டிகளைப் பிரிச்சுக் கோர்த்து ஓட்டினாங்க. 1990 வாக்குல இருங்காட்டுக்கோட்டையில முறையான டிராக் வர்ற வரைக்கும் சோழவரம்தான் எல்லாம்.

இப்ப ஷெட்டுக்குப் போவோம்.

இந்த எபிசோட் எடுக்கறதுக்குக் காரணமே ராஜபாளையத்துல இருக்கற ஒரு வெள்ளை ஹெரால்ட். என் நண்பனோட பெரியப்பா வச்சிருக்கார், ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் மகளுக்குக் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு அந்த ஹெரால்ட்லதான்னு அவர் முடிவு பண்ணிட்டார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பிரேக் சரியா பிடிக்கலைன்னு தெரிஞ்சுது. கேமராவும் மைக்கும் எடுத்துக்கிட்டு நான் போனேன். பேட்டி எடுக்கத்தான் போனேன், ஆனா ரெண்டு நாள் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கற வேலைதான் கிடைச்சுது.

மெக்கானிக் அண்ணாச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும். வீல் எதையும் கழட்டல. முதல்ல டிரைவர் சீட்ல உக்காந்து பெடலை மிதிச்சு அப்படியே வச்சிருந்தார். ஒரு நிமிஷம். என்கிட்ட திரும்பி, "தம்பி, கால் கீழ இறங்குதா பாரு" அப்படின்னார். இறங்கல. "அப்ப மாஸ்டர் சிலிண்டர் இப்போதைக்கு அழுத்தம் விடல" அப்படின்னார். ஏன்னா வெளிய கசிவு இல்லாம பெடல் மெதுவா மூழ்கினா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பரைத் தாண்டி திரவம் பின்னாடி நழுவுதுன்னு அர்த்தம்.

அடுத்து காலை எடுத்துட்டு சட்டுன்னு ரெண்டு தடவை மிதிச்சார். முதல் மிதியில பாதிக்கு மேல உள்ள போன பெடல், ரெண்டாவதுல மேலயே நின்னுச்சு. மேல வந்த பெடல் ஸ்பிரிங் மாதிரி மெத்துன்னு இருந்தா குழாய்ல காத்து. கல்லு மாதிரி இருந்தா காத்து இல்ல, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி அதிகம். இது கல்லு. நாலு வீலையும் தூக்கி, அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரம் பிடிச்சு நிக்கற வரைக்கும் இறுக்கி, ஒரு கிளிக் பின்னாடி விட்டார். பெடல் முதல் மிதியிலயே மேல வந்துடுச்சு.

எனக்கு வேலை முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. பெரியப்பாவுக்கும்தான். அண்ணாச்சி, "பெடலு சரியாயிருக்கு சார், பிரேக்கு சரியாச்சான்னு ரோட்டுலதான் தெரியும்" அப்படின்னு வண்டியை மேற்கே செண்பகத்தோப்பு ரோட்டுல விட்டார். மலையடிவாரத்துக்குப் போற ரோடு, காட்டழகர் கோயிலுக்குப் போறவங்களும் தோப்புக்குப் போறவங்களும் தவிர கூட்டம் இருக்காது. அந்தப் பக்கக் காடு 1988-ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு, 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துல சேர்ந்தது. மலை மேல மேகம், ரெண்டு பக்கமும் மாந்தோப்பு தென்னந்தோப்பு. அந்த அழகை ரசிக்க விடாம அண்ணாச்சி நாற்பதுல போய் மிதிக்கறார், நிறுத்தறார், மறுபடி நாற்பது, மறுபடி மிதி. பத்து தடவைக்கு மேல. ஒவ்வொரு தடவையும் வண்டி இடது பக்கம் இழுத்துச்சு.

இடது பக்கம் இழுத்தா கோளாறு இடது சக்கரத்துலன்னு தோணும். யோசிச்சா நேர் எதிர். இடது பிடிக்குது, அதனாலதான் அந்தப் பக்கம் இழுக்குது. பிடிக்காதது வலது. அண்ணாச்சி அதைக் காட்டின விதம் எனக்கு மறக்காது. வண்டியை ஓரமா நிறுத்தி, பாட்டில்ல இருந்து கையில தண்ணி எடுத்து, சக்கரத்து ஓட்டை வழியா இடது முன் டிரம்ல தெளிச்சார். தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி சுர்ருன்னுச்சு. வலது டிரம்ல தெளிச்சார். தண்ணி அப்படியே வடிஞ்சுது. பிரேக்னா வேகத்தைச் சூடா மாத்தற மெஷின். சூடு இல்லாத டிரம் வேலை செய்யாத டிரம். சர்வர்ல எந்த ப்ராசஸ் லோடு எடுக்கலைன்னு டேஷ்போர்டுல பார்க்கற மாதிரி அவர் ஒரு கை தண்ணியில பார்த்துட்டார்.

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆளோட சேர்த்து 900 கிலோ இருக்கற ஹெரால்ட் 80 கி.மீ. வேகத்துல இருந்து ஒரு தடவை நின்னா வர்ற சூடு, முக்கால் லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு போகப் போதும். அதே வண்டி கொடைக்கானல்ல இருந்து பிரேக்கை மட்டும் நம்பி அடிவாரத்துக்கு, 1800 மீட்டர் உயரம் இறங்கினா? ஐம்பது லிட்டருக்கு மேல. மூணு குடம் தண்ணி. அந்தச் சூடு நாலு சின்ன இரும்பு டிரம்முக்குள்ள. பிரேக் திரவம் வேற காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கும். டாட் 3 திரவம் புதுசா இருக்கும்போது 205 டிகிரியிலதான் கொதிக்கணும், ஈரம் ஏறினா அது 140 வரைக்கும் இறங்கலாம். கொதிச்சா குழாய்ல ஆவி, ஆவி அமுங்கும், கால் தரையைத் தொடும். மலைப்பாதையில ரெண்டாவது கியர்ல இறங்குன்னு பெரியவங்க சொல்றதுக்கு இதுதான் இயற்பியல்.

திரும்ப ஷெட். வலது டிரம்மைக் கழட்டினா லைனிங் நனைஞ்சு பளபளன்னு இருக்கு. நனைச்சது எது? வீல் பேரிங் கிரீஸா, பிரேக் திரவமா? அண்ணாச்சி விரல்ல தொட்டு, குழாயில காட்டினார். கழுவிப் போச்சு. கிரீஸ் தண்ணியில போகாது, பிரேக் திரவம் போகும். ஆக வீல் சிலிண்டர் கசிஞ்சு உள்ளேயே லைனிங்ல ஊறியிருக்கு. அதனாலதான் தரையில ஒரு சொட்டும் இல்லாம ரிசர்வாயர்ல மட்டம் குறைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. பெர்த்தா பென்ஸ் கண்ட அதே முடிவு: பெடல் வரைக்கும் சரி, பிரச்சினை உரசற இடத்துல.

இத்தோட முடிஞ்சிருந்தா ஒரு வீல் சிலிண்டர் கிட், ரெண்டு பக்கமும் புது லைனிங், ஒரு நாள் வேலை. ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாத்தினா மறுபடி இழுக்கும், அதனால எப்பவும் ஜோடியா. ஆனா சிலிண்டர்ல இருந்து வந்த ரப்பரை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஊதிப் பெருத்து, நகத்தால அமுக்கினா பள்ளம் விழுந்து அப்படியே நிக்குது. ரிசர்வாயர்ல இருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில விட்டார். பெரும்பகுதி கலந்துடுச்சு. மேல மெல்லிசா ஒரு படலம், எண்ணெய் மாதிரி, மிதந்துச்சு. எப்பவோ யாரோ மட்டம் குறைஞ்சதைப் பார்த்து 'ஆயில்' ஊத்தியிருக்காங்க.

இப்பத்தான் விவாதம். திரவம் ஒரே வட்டத்துல ஓடுது. ஒரு ரப்பர் ஊதியிருக்குன்னா மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், மத்த வீல் சிலிண்டர்கள், நெகிழ்வான ஹோஸ் எல்லாமே அதே எண்ணெய்ல ஊறிக்கிட்டிருக்கு. இன்னைக்கு ஒரு நிமிஷம் தாங்கின மாஸ்டர் சிலிண்டர் என்னைக்கு விடும்னு தெரியாது. அந்தக் காலத்து ஹெரால்டுல ஒரே சர்க்யூட் வேற. எங்க விட்டாலும் நாலு சக்கரத்துக்கும் மொத்தமா போயிடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட்ங்கறதை அமெரிக்காவே 1968-லதான் கட்டாயமாக்குச்சு.

அண்ணாச்சி எல்லா ரப்பரும் மாத்தணும், சென்னையில இருந்து வரவழைக்கணும்னார். பெரியப்பாவுக்குக் கல்யாண வேலை, காசு, நாள் எல்லாம் கண்ணுல ஓடுது. "ஒரு சாயங்காலம்தானே, மெதுவாத்தானே போகப் போவுது. அந்த ஒரு சிலிண்டரை மட்டும் மாத்திக் கொடுங்க, மீதியை அப்புறம் பார்க்கலாம்" அப்படின்னார். அண்ணாச்சி கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "மெதுவாப் போற வண்டி முன்னாடிதான் சார் ஆளு நடக்கும்."

மாப்பிள்ளை அழைப்பை நினைச்சுப் பாருங்க. பானட்டுக்கு மூணு அடி முன்னாடி நாதஸ்வரம், தவில். சுத்தி சின்னப் பசங்க. வேகம் நடக்கற வேகம், ஆனா வண்டி எடை அதே 900 கிலோ. பெரியப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் போனை எடுத்து சென்னைக்குப் பேசினார்.

கிட் வர அஞ்சு நாள் ஆச்சு. பழைய குழாய்களை எல்லாம் ஸ்பிரிட் விட்டு அலசி, ரப்பர் எல்லாம் புதுசு, ஹோஸ் புதுசு. ஏர் எடுக்கும்போது பெடல் மிதிக்கற வேலை எனக்கு. "மிதி... பிடி... விடு" மூணு மணி நேரம். தூரமா இருக்கற சக்கரத்துல ஆரம்பிச்சு கிட்ட இருக்கறதுல முடிக்கணும். மறுபடி செண்பகத்தோப்பு ரோடு. நேரா நின்னுச்சு.

ஒரு விஷயம் மட்டும் அண்ணாச்சிகிட்ட நான் சண்டை போட்டேன். டிரம்ல இருந்த தூசியை வாயால ஊதப் போனார். அந்தப் பழைய லைனிங் எந்தக் காலத்துதுன்னு யாருக்கும் தெரியாது. ஃப்ரூட் காலத்துல இருந்து பல பத்தாண்டுகள் லைனிங்னாலே ஆஸ்பெஸ்டாஸ்தான். அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா இருபது முப்பது வருஷம் கழிச்சு புற்றுநோயா வரலாம். இப்ப ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் கிடைக்குது, ஆனா பழைய வண்டியில பழசு இன்னும் உக்காந்திருக்கும். ஊதக்கூடாது, கம்ப்ரஸர் பிடிக்கக்கூடாது, ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியைப் பையில கட்டிப் போடணும். "நாப்பது வருஷமா ஊதறேன் தம்பி" அப்படின்னார். அப்புறம் ஈரத்துணி எடுத்தார், எனக்காக எடுத்தாரோ என்னவோ.

இனி ஹெரால்டோட மீதிக் கதை. எழுபதுகள்ல அது கெஸல்னு பேர் மாறி நாலு கதவோட வந்துச்சு, அதுவும் நின்னுச்சு. 1985-ல ரோவர் எஸ்டி1 உடல்ல பழைய இன்ஜினைப் போட்டு ஸ்டாண்டர்ட் 2000-னு ஒரு கார் விட்டாங்க. மாருதி வந்துட்ட நேரம், விலையும் பெட்ரோல் செலவும் யாருக்கும் கட்டுப்படியாகல. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள கம்பெனி கார் தயாரிக்கறதை நிறுத்திடுச்சு. பாகம் செஞ்ச பாடி கம்பெனிகள் பிழைச்சு, இன்னைக்கு வெளிநாட்டு வண்டிகளுக்கும் பிரேக் அனுப்புதுங்க. காரைச் செஞ்ச தொழிற்சாலை போயிடுச்சு. பெருங்களத்தூர்ல ஜிஎஸ்டி ரோட்டுல அந்த இடத்துலதான் இப்ப கேட்வே ஐடி பார்க் நிக்குது. இதைக் கேட்டுக்கிட்டிருக்கற உங்கள்ல சில பேர் இப்ப அந்த கேம்பஸ் கேன்டீன்லதான் உக்காந்திருப்பீங்க. ஹெரால்ட் வெளிய வந்த நிலம் அது.